தெருமுனையில் வண்டியைத் திருப்பியவர்

உங்கள் குலதெய்வம் எது என்று யாராவது அன்பாக விசாரித்தால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். கேட்டவர்கள் பாவம், ஒன்றும் புரியாமல் விழிப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. இந்தக் கோபத்தை எனக்குள் ஏற்றிவிட்டுப் போனவர் வேறு ஒருவர். கிழக்குத் தாம்பரத்தில் வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த புரோக்கர். அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னால் அதை வைத்து ஆள் இன்னார் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவோம். அந்த வேலையை அவர் ஒருவர் செய்ததே போதும்.

நான் பார்த்தபோது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். எப்போதும் வெள்ளைச் சட்டைதான். காலருக்குள் மடித்து வைத்த கர்ச்சீப், நெற்றியில் விபூதிக் கீற்று, அதன் நடுவில் குங்குமம். ஒரு பழைய டிவிஎஸ் ஃபிப்டி வைத்திருந்தார். பின் சீட்டில் ஒரு துண்டை மடித்துப் போட்டிருப்பார், ஏறி உட்காருபவர்களுக்கு வெயிலில் சூடு தெரியக் கூடாது என்று. பேண்ட் பையில் கொத்தாகச் சாவிகள். நடந்தால் சலங்கை கட்டிய மாதிரி ஒரு சத்தம் வரும். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். வேண்டாம், முடியாது, கிடையாது என்ற மூன்று வார்த்தைகளும் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. அவற்றுக்குப் பதிலாக ஒன்று வைத்திருந்தார். "அது உங்களுக்கு செட் ஆவாது மேடம்."

கடல் பொங்கி ஊருக்குள் வந்து போனதே, அதற்கு அடுத்த வருஷத்துத் தொடக்கத்தில்தான் நாங்கள் அவரிடம் போனோம். கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பம் என் பிறந்த ஊர். அப்பா அலைக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா மீன் விற்று என்னைப் படிக்க வைத்தாள். அலை வீட்டை எடுத்துக்கொண்டது, அம்மாவின் முழங்காலையும் நசுக்கிவிட்டுப் போனது. ஊர்க்காரர்களோடு அவளையும் ஒரு தார் ஷீட் கொட்டகையில் தங்க வைத்திருந்தார்கள். மாசி மாதத்திலேயே அதற்குள் உட்கார முடியவில்லை. சித்திரை வெயில் வந்தால் அவள் என்ன ஆவாள்?

நான் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் வீட்டுக்காரருக்குப் படப்பை தாண்டி ஒரு கம்பெனியில் வேலை. மேற்குத் தாம்பரத்தில் மொட்டை மாடியில் ஒற்றை அறையில் இருந்தோம். அதற்குப் போக ஒரு இரும்பு ஏணிப்படி, அதில் அம்மாவால் ஏற முடியாது. அவள் கேட்டது இரண்டே விஷயம்தான். "ஏறி எறங்கற வேல இருக்கக் கூடாது. மழைத் தண்ணி உள்ள வரக் கூடாது. அப்பிடி ஒரு வூடு பாரு, வந்துடறேன்."

நானும் என் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எந்தப் பக்கம் பார்க்கலாம் என்று பேசினோம். முடிச்சூர் பக்கம் வேண்டாம், மழைக்குத் தண்ணீர் நிற்கும். பெருங்களத்தூர் தூரம். கிழக்குத் தாம்பரம்தான் சரி என்று தோன்றியது. மேடான இடம், ஸ்டேஷனுக்கும் நடக்கலாம், என் பள்ளிக்கூடத்துக்கும் நடக்கலாம், தெருவெல்லாம் வேப்பமரம். குடியிருக்க ஓர் இடத்தை நாங்களே தேர்ந்தெடுக்கிறோம் என்ற நினைப்பில் அன்றைக்கு இரண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம்.

முதல் நாள் அவர் மொபெட்டில் முன்னால் போக, நாங்கள் பைக்கில் பின்னால் போனோம். ஒரு தெருமுனையில், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில், வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். தெருவுக்குள் நான்கைந்து வீடு தள்ளி ஒரு கீழ் வீட்டு கேட்டில் 'டு-லெட்' பலகை தொங்கியது. எனக்கு அந்த வீட்டைத் தூரத்தில் பார்த்ததுமே பிடித்துவிட்டது. வாசலில் ஒரே ஒரு படி, அதுவும் அரைப் படி.

"நல்ல காரியம் ஆரமிக்கறோம் மேடம்," என்றார். "சாமிய நெனச்சிக்கங்க. வூட்டுக்குப் போனதும் மஞ்சத் துணியில ஒத்த ரூவா முடிஞ்சி படத்தாண்ட வெச்சிடுங்க. குலதெய்வத்துக்கு வேண்டிகினு வெச்சா வூடு தன்னால அமையும். உங்களுக்குக் குலதெய்வம் எது?"

எவ்வளவு பக்தியான மனிதர் என்றுதான் நினைத்தேன். "எங்க குப்பத்துல கன்னியம்மாண்ணா. கடலைப் பார்த்த மாதிரி இருப்பாங்க," என்றேன்.

"ஆங், கன்னியம்மா. சக்தியான தெய்வமாச்சே." இரண்டு கைகளையும் கூப்பிக் கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "சாருக்கு?"

"எனக்கும் அதே சாமிதாங்க. பக்கத்துக் குப்பம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எஞ்சினைக் கிளப்பவில்லை. இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி வண்டியை மெதுவாகப் பின்னால் தள்ளினார், வந்த வழிக்கே திருப்பினார். "இந்தத் தெரு வேற மாதிரி மேடம். உங்களுக்கு செட் ஆவாது. தண்ணி வேற கொஞ்சம் உப்பு. வாங்க, உங்களுக்கு ஏத்த எடம் ஒண்ணு வெச்சிருக்கேன்."

சண்டை போட எங்களுக்கு ஒன்றுமே இல்லை. தண்ணீர் உப்பு என்று ஒருவர் நமக்கு நல்லது சொல்கிறார், நாம் நன்றி சொல்கிறோம். அப்படித்தான் நானும் சொன்னேன்.

ஏற்ற இடம் என்று அவர் கூட்டிப் போனது ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி ஒரு ஏரிக்கரைக்கு. கரை மேல் ஒரு சின்ன சிமெண்ட் மாடம், புதிதாகப் பச்சை பெயிண்ட் அடித்து, உள்ளே ஒரு அம்மன். அதைத் தாண்டும்போது வண்டியில் இருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். வீடு கரைக்குக் கீழே பள்ளத்தில் இருந்தது. உள்ளே போனதும் ஹாலில் ஒரு சுவரில் போய்ச் சாய்ந்து நின்றுகொண்டார். சமையலறையைப் பாருங்கள், பின்னால் துவைக்கிற கல் பாருங்கள் என்று நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் காட்டினார். நான் ஜன்னலைத் திறக்கச் சொன்னபோதுதான் நகர்ந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் சுண்ணாம்பு, சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு.

"இது என்னண்ணா?"

"அது போன மழைக்கு வந்தது மேடம். நாலு நாள் நிக்கும், வடிஞ்சிடும். நீங்க பாக்காத தண்ணியா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கடல் தூக்கியடித்த என் அம்மாவுக்கு வீடு தேடுகிறோம் என்று அவரிடம் முதலிலேயே சொல்லியிருந்தோம். ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டிக் கேட்டுக்கொண்டவர்தான். அப்படிக் கேட்டுக்கொண்ட மனிதர் அவளை அலைக்குத் தப்ப வைத்து ஏரிக்குள் கொண்டு போய் வைக்கப் பார்த்தார். அன்றைக்கு அந்த வீட்டை வேண்டாம் என்றுவிட்டுத் திரும்பி வந்தோம்.

அவர் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அப்படிச் சொல்ல விடாமல் எத்தனையோ நல்லது செய்து வைத்திருந்தார். குடி வைத்த வீடுகளுக்கெல்லாம் பால் காய்ச்சுகிற அன்று கையில் பால் பாக்கெட்டோடு முதல் ஆளாக வந்து நிற்பார். கேஸ் மாற்றித் தருவார், ரேஷன் கார்டு விலாசம் மாற்றக் கூடவே அலைவார். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சரின் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, அவர்கள் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்த டீச்சரும் அவர் குடும்பமும் எந்தத் தெருவில் வசிக்கலாம் என்பதையும் அவர்தான் முடிவு செய்திருந்தார்.

அவருக்கு எங்கள் பக்கத்து ஊர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு அஞ்சறைப் பெட்டி. கடுகை எடுத்தால் கடுகுக் குழியில்தான் போடுவார். சீரகம் சிந்தி கடுகோடு கலந்துவிடக் கூடாது. கோயில் பக்கத்துத் தெருக்கள் ஒரு குழி, சர்ச் பக்கம் ஒரு குழி, மசூதியைச் சுற்றி ஒரு குழி, ஏரிக்கரை கடைசிக் குழி. எந்தக் குழி என்று கண்டுபிடிக்க அவர் ஜாதியைக் கேட்டதே இல்லை. அந்த வார்த்தையே அவர் வாயில் வராது. மஞ்சள் துணியையும் ஒற்றை ரூபாயையும் சொல்லி, நம்முடைய நல்லதுக்கு வேண்டிக்கொள்வதைப் போலச் சாமி பெயரைக் கேட்பார். சாமியைக் கேட்டால் ஊர் வந்துவிடும், ஊர் வந்தால் மற்றதும் வந்துவிடும். நாமும் பூரித்துப் போய்ச் சொல்வோம்.

இது எனக்கு விளங்கியது பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில். சாப்பாட்டு நேரத்தில் நான் அந்த அரைப் படி வீட்டைப் பற்றிப் புலம்பினேன். பலகை இன்னும் தொங்குகிறது, தண்ணீர் உப்பாம், அதனால்தான் யாரும் வரவில்லை போல என்றேன். பக்கத்தில் திருநெல்வேலிக்கார சயின்ஸ் டீச்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"டிரான்ஸ்ஃபார்மர் முக்குலயா? அந்த வீட்டை எனக்கும் காட்ட வந்தாரே. வேளாங்கண்ணி மாதான்னு சொன்னேன். ஓனரோட பையன் துபாய்லேர்ந்து வர்றான், அவனுக்கு வேணுமாம்னு சொல்லி சர்ச் பக்கம் கூட்டிட்டுப் போயிட்டாரு."

உருது சொல்லிக் கொடுக்க வரும் டீச்சர் தலை நிமிர்ந்தார். "எனக்கு அந்த வீட்டுல வாஸ்து சரியில்லன்னு சொன்னாருப்பா. எங்களுக்கு எதுக்கு வாஸ்துன்னு எங்க வீட்டுல சிரிச்சாங்க."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்புத்தான் முதலில் வந்தது. சிரித்து முடித்ததும் டிபன் பாக்ஸை மூடிவிட்டேன், அதற்கு மேல் சோறு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. "நீ எதுக்கு உண்மையைச் சொன்ன? திருநீர்மலைப் பெருமாள்னு சொல்லியிருந்தா அப்பவே சாவியைக் கையில குடுத்திருப்பாரு," என்றார். "நம்ம சாமியையும் மாத்திக்கிட்டுத்தான் குடி போகணுமா?" என்று கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார். அவருக்கும் அம்மாவைக் கொட்டகையிலிருந்து கூட்டி வந்தால் போதும் என்றிருந்தது. பங்குனி பிறந்துவிட்டது. அந்த வாரம் போயிருந்தபோது அம்மா ஈரத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வெளியே, படகு நிழலில் படுத்திருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெரு வழியாக வேண்டுமென்றே நடந்தேன். பலகை தொங்கிய வீட்டின் கேட் திறந்திருந்தது. வயதான ஒரு அம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். உள்ளே மோட்டார் ஓடும் சத்தம்.

"வீடு வாடகைக்குப் பேசி முடிஞ்சிடுச்சாம்மா?" என்று கேட்டேன்.

"எங்கம்மா முடிஞ்சுது? பொங்கலுக்கு முன்னாடியிலேர்ந்து பூட்டியே கிடக்கு. ஆளே வரலைங்கறாரு புரோக்கர். நான் குரோம்பேட்டையில பையன் வீட்டுல இருக்கேன். எப்பவாவது வந்து மோட்டாரைப் போட்டுட்டுப் போறேன்." அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "உங்களுக்கா கேட்கறீங்க? வந்து பாருங்களேன்," என்றார்.

நான் உள்ளே போகவில்லை. முதலிலேயே சொல்லிவிடலாம் என்று வாசலில் நின்றேன். "நாங்க மீனவக் குடும்பம்மா. எங்கம்மாவும் கூட இருப்பாங்க. வீட்டுல மீன் சமைப்போம்."

அவருக்கு நான் எதற்கு அதைச் சொல்கிறேன் என்றே புரியவில்லை. "சமைச்சுக்கங்க. சிம்னி இல்ல, ஜன்னலைத் திறந்து வெச்சுக்கணும், அவ்வளவுதான்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"புரோக்கர் குலதெய்வம் கேட்டாரும்மா. கேட்டுட்டுத் தெருமுனையிலேர்ந்தே திரும்பிட்டாரு."

"குலதெய்வமா? நான் அதைக் கேட்கவே இல்லையேம்மா. மாசாமாசம் வாடகை, சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது, இவ்வளவுதானே அவர்கிட்ட சொன்னேன்." குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். குடித்துப் பார்த்தேன். உப்பு என்பது பெயருக்குக்கூட இல்லை.

வீட்டை அன்றே பேசி முடித்தேன். வெற்றி பெற்ற மாதிரி நடந்து வந்திருக்க வேண்டும். எனக்கோ ஆத்திரம்தான் மண்டையைக் குடைந்தது. ஒரு வீட்டுக்காரி சொல்லாத ஒன்றை, கேட்காத ஒன்றை, இந்த மனிதர் தானாகத் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டு மூன்று குடும்பங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த வீடு பூட்டிக் கிடந்த அத்தனை நாளும் என் அம்மா தார் ஷீட்டுக்குக் கீழே வெந்துகொண்டிருந்தாள்.

ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் அவரைப் பிடித்தேன். கிளாஸைக் கையில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மேடம், டீ சாப்பிடறீங்களா?" என்றார்.

"அந்த வீட்டுக்கார அம்மா ஒண்ணுமே சொல்லலையேண்ணா. நீங்க ஏன் எங்களைத் திருப்பி அனுப்பினீங்க?"

விஷயம் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. கொஞ்சமும் பதறவில்லை. "அவங்க சொல்ல மாட்டாங்க மேடம். யாரும் சொல்ல மாட்டாங்க. நான் இந்தத் தொழிலுக்கு வந்து இத்தினி வருசத்துல, இன்னார் வேணாம்னு ஒருத்தர்கூட வாயத் தொறந்து சொன்னதில்ல. நம்பளாதான் மனசறிஞ்சி நடந்துக்கணும்."

"யார் மனசு?"

"தெருவுல கீறவங்க மனசு. இப்போ பாருங்க, உங்கம்மா வராங்க. வாசல்ல உக்காந்து மீன் ஆயறாங்க. எதிர்வூட்ல ஒரு மாதிரி பாக்கறாங்க. ஒரு பேச்சு வருது. உங்களுக்குத்தான மனசு கஷ்டம்? அது வராத மாதிரி நான் முன்னாடியே தடுத்துட்டேன். உங்க நல்லதுக்குத்தான் பண்ணேன்."

"அந்தப் பேச்சை அவங்களே பேசட்டுமே. நீங்க எதுக்கு அவங்களுக்காகப் பேசறீங்க?"

"நான் எங்க பேசினேன்? தண்ணி உப்புன்னுதான சொன்னேன்."

திட்டலாம் என்றால் அவர் கெட்ட வார்த்தை ஒன்றும் பேசவில்லை. புகார் கொடுக்கலாம் என்றால் தண்ணீர் உப்பு என்று சொன்னதற்கு எந்தப் போலீஸ் கேஸ் எழுதும்? அந்தத் தெருவில் ஒருவரும் தங்கள் வாயை அழுக்காக்கிக்கொள்ளத் தேவையில்லாமல் அவர் பார்த்துக்கொண்டார். ஒருவேளை அங்கே நல்லவர்கள் இருந்தால், நல்லவர்களாக நடந்துகொள்ள அவர்களுக்கு ஒரு வாய்ப்பும் கொடுக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் நீட்டிய டீயை வாங்காமல் வந்துவிட்டேன்.

சித்திரை பிறக்கும் முன்பே அம்மாவைக் கூட்டி வந்தோம். பால் காய்ச்சிய அன்று காலையில் கேட்டில் டிவிஎஸ் ஃபிப்டி சத்தம் கேட்டது. நான் கூப்பிடவில்லை. கூப்பிடாமலேயே வந்திருந்தார், கையில் இரண்டு பால் பாக்கெட், ஒரு பொட்டலத்தில் மஞ்சள் குங்குமம். சட்டையில் மடிப்புக் கலையவில்லை, முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. அவரை வாசலில் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல நாளில் சண்டை வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் கண்ணைக் காட்டினார்.

அம்மாவுக்கு நடந்தது எதுவும் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள், "வாப்பா. நீதான் இந்த வூட்ட புட்ச்சிக் குட்த்தியா? நல்லா இருப்ப," என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் டம்ளரில் பாலை ஊற்றி அவர் முன்னால் வைத்தேன்.

அம்மாவின் பக்கத்தில் சாமி படத்துக்குக் கீழே மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. கன்னியம்மாவுக்கு என்று கொட்டகையிலேயே முடிந்துகொண்டு வந்தாள். அவர் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "எங்க சாமிக்கு முடிஞ்சி வெச்சேன். உனுக்கு இன்னா சாமிப்பா?" என்று கேட்டாள்.

எத்தனையோ பேரிடம் அவர் கேட்ட கேள்வி. அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். "பொன்னியம்மன்," என்றார்.

"கோயிலு எங்க கீது?"

"தோ, இந்தத் தெருமுனையிலதான் இருந்திச்சி. டிரான்ஸ்ஃபார்மர் நிக்குதே, அந்த எடம்." ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "இதெல்லாம் எங்க வயலும்மா. இப்போ நீங்க குந்திகினு கீறீங்களே, இது எங்க பெரிப்பா நெல்லு வெச்ச கயனி. மனை போட்டு வித்தப்போ அம்மனுக்கு எடம் வுட்டுத்தான் வித்தோம். ஆடிக்கு ஆடி கெடா வெட்டிக் கூழு ஊத்துவோம். அப்புறம் வூடெல்லாம் வந்துச்சி. டீசண்டானவங்க. வாசல்ல கோலம் போட்டுகினு இருப்பாங்க, அங்க நம்ப ரத்தமும் மோளமுமா நின்னா நல்லாவா இருக்கும்? ஏரிக்கரையாண்ட எட்த்துகினு போய் வெச்சிட்டோம்."

அந்தப் பச்சை பெயிண்ட் மாடம் எனக்கு ஞாபகம் வந்தது. பள்ளத்து வீடும் சுவரில் பழுப்புக் கோடும் ஞாபகம் வந்தன.

"எடுத்துட்டுப் போங்கன்னு இங்க இருக்கறவங்க சொன்னாங்களாண்ணா?" என்று நான் கேட்டேன்.

"யாரும் சொல்லல மேடம். நாங்களா புரிஞ்சிகினோம்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரும் சொல்லாமயேவா சாமியத் தூக்கிகினு போன? இன்னா மனுசன்பா நீ," என்றாள். திட்டுகிற குரல் இல்லை. கால் வலிக்கிறதா என்று கேட்கிற குரலில் கேட்டாள். பிறகு, "பாலு ஆறிப்போவுது, குடி," என்றாள்.

அவர் குடித்தார். கர்ச்சீப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார், டம்ளரைத் தானே எடுத்துப் போய்ச் சமையலறை மேடையில் வைத்தார். வாசலில் இருந்த அரைப் படியைக் காட்டி, "அம்மாவுக்கு இது வசதியா இருக்கும் மேடம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கம் வந்ததே என்று இன்னும் கோபம் வந்தது. சொந்த வயலில், சொந்த அம்மனை, யாரும் முகம் சுளிக்கும் முன்பே தூக்கிக்கொண்டு போனவர். சரி, அவர் பட்ட கஷ்டம் அது. ஆனால் அதே தெருமுனையில், அம்மன் இருந்த அதே இடத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் அதே ஏரிக்கரைக்கு ஓட்டிக்கொண்டிருந்தாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தனக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாது என்று ஒரு நாளாவது அவருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? பல நாள் இதையே நினைத்து மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் பயந்த மாதிரி ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அம்மா சங்கரா மீன் குழம்பு வைத்த அன்று எதிர் வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. சாத்தட்டும், ஜன்னல் அவர்களுடையது. அம்மா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்தாள். பக்கத்து வீட்டுப் பூனையும் அந்த வீட்டுக்காரியும் வந்து நின்று பார்த்தார்கள். பூனைக்குத் தலை கிடைத்தது, வீட்டுக்காரி கால்கிலோ நெத்திலி எங்கே வாங்குவது என்று கேட்டுக்கொண்டு போனாள். எங்கேயும் இருக்கிற மாதிரிதான் இருந்தது.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் டிவிஎஸ் ஃபிப்டி நின்றது, எஞ்சின் அணைந்திருந்தது. பின்னால் ஒரு பைக். ஒல்லியாக ஒருவர், பின் சீட்டில் அவர் மனைவி, மடியில் தூங்கும் குழந்தை. எங்கள் வீட்டுக்கு நாலைந்து வீடு தள்ளி ஒரு கீழ்ப் போர்ஷன் காலியாகியிருந்தது. அந்த வீட்டின் சொந்தக்காரர் மாடியிலேயே குடியிருந்தார்.

"...மஞ்சத் துணியில ஒத்த ரூவா முடிஞ்சி," என்று புரோக்கர் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்களுக்குக் குலதெய்வம் எது சார்?"

அந்த ஆள் தயங்கித் தயங்கி ஏதோ ஒரு பெயரைச் சொன்னார். எனக்குக் காதில் விழவில்லை. புரோக்கர் தெற்கே பார்த்துக் கும்பிட்டார். கால்கள் இரண்டையும் தரையில் ஊன்றினார். அப்போதுதான் என்னைக் கவனித்தார்.

கை ஹேண்டில்பாரில் இருந்தது, வண்டி நகரவில்லை. அம்மா சொன்ன வார்த்தை அவருக்கு ஞாபகம் வந்திருக்கும், இன்றைக்கு உள்ளே போவார் என்று நான் நிஜமாகவே நம்பினேன். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு வண்டியைப் பின்னால் தள்ளினார். "இந்தத் தெரு உங்களுக்கு செட் ஆவாது சார். தண்ணி கொஞ்சம் உப்பு," என்றார்.

அந்தத் தண்ணீரில்தான் நான் காலையில் சோறு வடித்துவிட்டு வந்தேன். என் முன்னால் சொல்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பைக்குக்குப் பக்கத்தில் போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "இந்தத் தெருவுலதாம்மா நான் குடியிருக்கேன். தண்ணி நல்லா இருக்கு. வீடு காலியாத்தான் இருக்கு, வாங்க காட்டறேன்."

அவர்கள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். புரோக்கர் குரலைத் தாழ்த்தி, "டீச்சர், மாடியில கீறவரு ஒரு மாதிரி. இவங்களுக்கு மனசு கஷ்டமாயிடும்," என்றார்.

"அதை அவர் சொல்லட்டும்ணா," என்றேன்.

நடந்தேன். பைக் எஞ்சினைப் போடாமல், தள்ளிக்கொண்டே அவர்கள் என் பின்னால் வந்தார்கள். கேட்டுக்கு முன்னால் நின்றதும் அந்த ஆள் தொண்டையைச் செருமினார். "மேடம், முன்னாடியே சொல்லிடறேன். நாங்க வந்து..." என்று ஆரம்பித்தார். நானும் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வாசலில் நின்று ஆரம்பித்தேன்.

"நான் கேட்கலைங்க," என்றேன். "யாரும் கேட்காம நீங்களா சொல்லாதீங்க."

அழைப்பு மணியை அழுத்தினேன். திரும்பிப் பார்த்தபோது புரோக்கர் டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியிலேயே இருந்தார், வண்டி பாதி திரும்பியபடி. மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. கேட்பதாக இருந்தால் அந்த வீட்டுச் சொந்தக்காரர் என் எதிரில், தன் வாயால் கேட்கட்டும் என்று அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றேன்.